விசாவுக்கு வைத்த பொட்டு

என் தங்கச்சி மகளுக்கு இடது காதில் ஓட்டை ஓரமாக இறங்கியிருக்கும். கம்மல் போட்டால் அந்தப் பக்கத்துக் கம்மல் மட்டும் கவிழ்ந்து தொங்கும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் வீட்டுக்கு வந்து "மாமா" என்று நிற்கும்போதெல்லாம் என் கண் முதலில் அந்தக் காதுக்குத்தான் போகும். அங்கிருந்து நேராகக் கடலைத் தாண்டிக் கொழும்பில் ஒரு கடையில் உட்கார்ந்திருந்த மனிதர் மேல் போய் நிற்கும். அப்புறம் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

நான் ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவன். திருச்சுழிக்குப் பக்கத்து ஊர். மழை பெய்தால் பருத்தி, இல்லாவிட்டால் கருவேல முள்ளை வெட்டிக் கரி போட வேண்டியதுதான். மீசை முளைத்த வயதில் கொழும்புக்குப் போனேன். அருப்புக்கோட்டைக்காரர் ஒருவருக்கு அங்கே புறக்கோட்டையில் மிளகாய் வத்தல், மல்லி, வெங்காயம் மொத்த வியாபாரம். முதலாளி வருசத்துக்கு ஒரு தடவை வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போவார். கடையை நடத்தியது அவருக்குத் தூரத்துச் சொந்தமான பாலவனத்தத்துக்காரர். பணப்பெட்டிக்குப் பக்கத்தில், நாங்கள் பெட்டியடி என்று சொல்லும் இடத்தில், காலை மடக்கி உட்கார்ந்தால் ராத்திரி கடை எடுத்து வைக்கிறவரை எழுந்திருக்க மாட்டார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி.

வேலையாட்கள் நாங்கள் நாலு பேர். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எங்கள் பாஸ்போர்ட்டை அண்ணாச்சி வாங்கிவிடுவார். மஞ்சள் துணியில் சுற்றி இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார். பெட்டிக்கு மேலே முருகன் படம். வெள்ளிக்கிழமை முருகனுக்குச் சூடம் காட்டிவிட்டு அந்தத் தட்டைப் பெட்டிக்கும் ஒரு சுற்றுக் காட்டுவார். ஆகவே பாஸ்போர்ட்டைக் கேட்பது என்பது கர்ப்பக்கிரகத்துக்குள் கை விடுகிற மாதிரி.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடைகளில் வெள்ளி, செவ்வாய் கைநீட்டி எதுவும் வெளியே கொடுக்க மாட்டார்கள். விளக்கு வைத்த பிறகும் கொடுக்க மாட்டார்கள். லட்சுமி போய்விடுவாள். இது எனக்கும் தெரிந்ததுதான், இன்றைக்கு என் கடையிலும் அப்படித்தான். ஆனால் அண்ணாச்சி அதோடு அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்வார். பணத்துக்கு மட்டுமில்லை, பெட்டிக்குள் இருக்கிற எதற்கும் அதே சட்டம்.

ஆயுத பூசையன்று தராசு, படிக்கல், சாக்கு தைக்கிற ஊசி, கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்துப் பொட்டு வைப்போம். எங்கள் நாலு பாஸ்போர்ட்டும் அவருடையதும் அந்த வரிசையில் வரும். நான் சேர்வதற்கு முந்தின வருசம், அண்ணாச்சி தன் பாஸ்போர்ட்டின் அட்டையில் பொட்டு வைக்கப் போய், காற்றில் பக்கம் புரண்டு, விசா சீல் மேலேயே சந்தனமும் குங்குமமும் விழுந்துவிட்டதாம். அந்த வருசம் மற்றவர்களுக்கு ஒரு வருசம் நீட்டித்துக் கொடுத்தபோது அவருக்கு மட்டும் இரண்டு வருசம் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து எல்லாருடைய பாஸ்போர்ட்டிலும் விசாப் பக்கத்தைத் தேடித் திறந்து, சீல் மேலேயே கட்டைவிரலால் அழுத்தி வைப்பார்.

நான் எதற்கும் பயப்படுகிறவன். கடையைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பத் திரும்பப் போவேன். கடிதத்தைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு விழுந்ததா என்று குனிந்து பார்ப்பேன். சந்தன ஈரத்தில் சீலின் மை ஊறுவதைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"அண்ணாச்சி, சீலு மேல வேணாம். அட்டையில வைங்க, போதும்."

"ஏலே, ஒனக்கு அட்டையா விசா குடுக்குது?"

மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோய், தலைமன்னார்க் கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்த காலம் அது. நம் ஊர்க்காரர்களுக்கு விசா நீட்டிப்பதை இலங்கை அரசாங்கம் குறைத்துக்கொண்டே வந்தது. ஒருவன் போனால் அவனுக்குப் பதில் ஆள் வர முடியாது, போன இடம் போனதுதான். என்னுடையதை இனி நீட்டிக்க மாட்டோம், பங்குனிக்குள் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வருத்தமில்லை. நான் அதற்கு முன்பே, மாசியிலேயே கிளம்புவதாக இருந்தேன்.

காரணம் தங்கச்சி. பந்தல்குடியில் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தோம். அப்பா இல்லை, நான் ஒருத்தன்தான் கூடப் பிறந்தவன். முதல் குழந்தை பெண். மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயில் திருச்சுழிக்குத் தெற்கே கரிசலுக்குள் இருக்கிறது. மாசிச் சிவராத்திரிக்குத்தான் அங்கே பங்காளிகள் எல்லாரும் கூடுவார்கள். சிவராத்திரி முடிந்த காலையில் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். தங்கச்சி யாரையோ வைத்து எழுதியிருந்தாள். "அண்ணே, போன வருசமும் நீங்க வரலைனு தள்ளிப் போட்டாக. இந்த வருசமும் மடி இல்லைன்னா எங்க மாமியா என்னய இருக்க விடாது." அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

வேலையை விட்டு ஒரேயடியாக வருகிறவனுக்கு அங்கே மூன்று காரியம் இருந்தது. வரி ஆபீசில் போய்ப் பாக்கி இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். நான் வரி கட்டுகிற அளவுக்கு என்றைக்கும் சம்பாதித்ததில்லை. ஆனாலும் சம்பாதிக்கவில்லை என்பதை வரிசையில் நின்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதை முடித்துவிட்டேன். இரண்டாவது, இந்த ஆள் என் கடை வேலையை விட்டுவிட்டான் என்று கடைக்காரர் குடியேற்ற ஆபீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, பாஸ்போர்ட் என் கைக்கு வர வேண்டும். இரண்டும் அண்ணாச்சியிடம் இருந்தன.

அவருக்கு நான் போவது பிடிக்கவில்லை. மாசி பங்குனியில்தான் புது வத்தல் இறங்கும். விசா இருக்கிற கடைசி நாள்வரை மூட்டை தூக்கிவிட்டுப் போகட்டும் என்பது அவர் எண்ணம். அதைச் சொல்ல மாட்டார்.

நான் கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த வெள்ளி சிவராத்திரி.

"வெள்ளிக்கிழமை கேக்கியே, புத்தி இருக்கா?"

மறுநாள் கேட்டேன். "அஷ்டமிப்பா." அதற்கு மறுநாள், "நவமி." மாசிச் சிவராத்திரிக்கு முந்தின வாரத்தில் எந்த வருசமும் தேய்பிறை அஷ்டமியும் நவமியும் வந்துதான் தீரும். அது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனவர் விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். செவ்வாய்க்கிழமை நான் வாய் திறக்கவே இல்லை. பெட்டியடிக்கு எதிரே தூணில் சாய்ந்துகொண்டு நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன, செவ்வாக்கிழமையும் அதுவுமா மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்றார்.

புதன்கிழமை பெட்டியைத் திறந்தார். பாஸ்போர்ட்டை வெற்றிலை மேல் வைத்து நீட்டினார். குனிந்து வாங்கினேன். காலைக்கூடத் தொட்டேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உள்ளங்கை கூசுகிறது.

"அண்ணாச்சி, வேலைய விட்டதுக்கு எழுதிக் குடுக்கணுமே?"

"அதெல்லாம் ஆபீஸுக்கு நேரா அனுப்பிட்டேன். நீ போப்பா. தங்கச்சிக்கிட்ட நான் கேட்டதாச் சொல்லு."

அன்று ராத்திரி ரயில் ஏறினேன். பாஸ்போர்ட்டை உள்சட்டைப் பையில் வைத்து ஊக்கு குத்தியிருந்தேன். ஊக்கு இருக்கிறதா என்று தடவித் தடவி நெஞ்சில் கீறல் விழுந்துவிட்டது. பெட்டியில் பிள்ளைக்குப் பட்டுச் சட்டை, ஒரு டின் பிஸ்கட், தங்கச்சி மாமியாருக்கு ஒரு சேலை.

தலைமன்னார் கப்பல்துறையில் ஒரு நீள மேசை. சிங்கள அதிகாரி ஒருவர், பக்கத்தில் தமிழ் பேசுகிற கிளார்க்கு ஒருவர். அதிகாரி பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, பாஸ்போர்ட்டை முகத்துக்கு அருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். ஆயுத பூசை முடிந்து மாசக்கணக்கானாலும் சந்தன வாசனை போகவில்லை. சீல் இருந்த இடத்தில் நீலமும் சிவப்பும் கலந்து அரை ரூபாய் அகலத்துக்கு ஒரு கறை. தேதியில் ஒரு எண்கூடத் தெரியவில்லை.

"இதென்ன தம்பி, ரத்தமோ?" என்றார் கிளார்க்கு.

"குங்குமம் ஐயா. சாமிக்கு வச்சது."

"சாமிக்கு என்னத்துக்குத் தம்பி விசா?"

அதிகாரியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. தேதி முடிந்து தங்கியிருக்கிறான், அதை மறைக்கத்தான் அழித்திருக்கிறான் என்பது அவர் சந்தேகம். வேலையை விட்டதற்குக் கடைக்காரர் எழுதிய கடிதம் எங்கே என்று கேட்டார். ஆபீசுக்கு அனுப்பிவிட்டார் என்றேன். அப்படியானால் கடையிலிருந்து பதில் வரட்டும் என்று என் கண் முன்னாலேயே தந்தி எழுதிக் கொடுத்தனுப்பினார்.

"ஐயா, சிவராத்திரி... காது குத்து... நான்தான் தாய்மாமன்" என்று கிளார்க்கிடம் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் நல்ல மனுசன். "எனக்கு விளங்குது தம்பி. அவருக்கு விளங்கப்படுத்த ஏலாது" என்றார்.

கப்பல் சங்கு ஊதிப் போனது. துறையில் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு பெஞ்சு. அடுத்த கப்பல் சனிக்கிழமை. வியாழன் முழுக்க, வெள்ளி முழுக்க அந்தப் பெஞ்சில் கருவாட்டு வாடையில் உட்கார்ந்திருந்தேன். கடையிலிருந்து பதில் வரவில்லை. பிஸ்கட் டின்னை மடியில் வைத்திருந்தேன். பிள்ளையை வைக்க வேண்டிய மடி.

சனிக்கிழமை அந்தக் கிளார்க்கு கொழும்பு ஆபீசுக்கு டெலிபோனில் பேசி விசாத் தேதியைக் கேட்டு வாங்கி, அதிகாரியிடம் சொல்லி, என்னைக் கப்பலில் ஏற்றிவிட்டார். கடையிலிருந்து எப்போது பதில் வந்தது என்பதை, என்னோடு வேலை பார்த்தவன் ஒருவன் பிறகு ஊருக்கு வந்தபோது சொன்னான். வரவே இல்லை. தந்தி வியாழக்கிழமை விளக்கு வைத்த பிறகு கடைக்கு வந்ததாம். மறுநாள் வெள்ளிக்கிழமை. "போறப்பவே இவ்வளவு தரித்திரம். வெள்ளிக்கிழமை தந்திக்குக் காசு குடுக்கணுமோ" என்று அண்ணாச்சி அதை மடித்துக் கல்லாப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாராம். ஆபீசுக்கு அனுப்பியதாகச் சொன்ன கடிதமும் அனுப்பவில்லை. நான் இன்னும் வேலை பார்ப்பதாகக் காகிதத்தில் இருந்தால், அந்த இடத்தில் தன் அக்காள் மகனை என்றைக்காவது கொண்டுவரலாம் என்று அவருக்கு ஒரு ஆசை.

ஞாயிற்றுக்கிழமை பந்தல்குடியில் போய் இறங்கினேன். பிள்ளை மொட்டைத் தலையோடு, காது இரண்டும் வீங்கி, மஞ்சள் பூசிக் கிடந்தது. மாப்பிள்ளையின் சேக்காளி, ரோட்டோரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவன் மடியில் வைத்துக் குத்தியிருக்கிறார்கள். பிள்ளை திமிறியதில் ஆசாரிக்கு ஊசி இடது பக்கம் இறங்கிவிட்டது. தங்கச்சி என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அவள் மாமியார்தான் பேசினாள்.

"வாங்க. தாய்மாமன் சீர்த்தட்ட ஏந்திக்கிட்டுக் கடலுக்குள்ள நடந்து வாராகன்னு நெனச்சோம். தண்ணி ஆழமா?"

"கப்பல்ல விடல அத்தே. விசாவுல குங்குமம்..."

"விசாவுக்குக் குங்குமம் வச்சாகளாம். எம் பேத்திக்குப் பொட்டு வைக்க ஆள் இல்ல."

பிள்ளை என் மடியில் இருந்தால் மட்டும் திமிறியிருக்காதா, அதற்கு என்னைத் தெரியுமா என்று என் அம்மாவே கேட்டாள். கேட்கட்டும். அந்தப் பேச்சை நான் ஒத்துக்கொள்வதாக இல்லை. அந்த வீட்டில் எந்த விசேசம் வந்தாலும், "காலமே சொல்லி விடுங்கப்பா, கொழும்புத் தாய்மாமன் மூணு வருசத்துக்கு முன்னாலயே கிளம்பணும்" என்று மாமியார் நாலு பேர் நடுவில் சொல்வாள். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு பந்தி பரிமாறுவாள். ஒவ்வொரு தடவையும் நான் மனசுக்குள் அண்ணாச்சியை அந்தத் தகரக் கொட்டகைப் பெஞ்சில் உட்கார வைப்பேன். கருவாட்டு வாடையோடு. தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டேன்.

நான் திருச்சுழி கடைத்தெருவில் சின்னதாகப் பலசரக்குக் கடை போட்டேன். கல்யாணம் ஆயிற்று. ஏழு வருசம் போல ஓடிவிட்டது. மாசி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அருப்புக்கோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி ஒருவர் குடையை ஊன்றிக்கொண்டு என் கடையைப் பார்த்து வந்தார். தொந்தி வற்றியிருந்தது. நடையில் தெரிந்துகொண்டேன்.

"என்னப்பா, கடையெல்லாம் ஜோராத்தான் இருக்கு."

"வாங்க அண்ணாச்சி" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டது என் கைதான். கலர் சோடா வாங்கிவரச் சொன்னதும் நான்தான். பயந்தவனுக்கு முதல் கால்மணி நேரம் மரியாதை தவிர வேறொன்றும் வராது.

அவர் விசயத்தைச் சொன்னார். கொழும்புக் கடையை மூடப் போகிறார்கள். அவருக்கும் விசா முடிகிறது. இந்த மாசத்துக்குள் ஒரு தடவை திரும்பிப் போய்க் கடையை ஒப்படைத்து, தன் சாமான்களை எடுத்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட வேண்டும். திரும்பிப் போக அனுமதி இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. கடைக் காகிதத்தில் நாலு பேர் வேலை பார்ப்பதாக இருக்கிறது. மூன்று பேர் போனதற்குக் கடிதம் இருக்கிறது. நாலாவது ஆள் எங்கே?

"நாலாவது ஆளு யாரு?" என்றேன்.

"நீதான்."

கப்பல்துறைப் புத்தகத்தில் நான் போய்விட்டேன். கடைக் காகிதத்தில் நான் இன்னும் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டு புத்தகமும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. ஏழு வருசமாக விசா இல்லாமல் நான் கொழும்பில் இருந்திருக்கிறேன். போலீஸ் தேடுமா, திருச்சுழி ஸ்டேசனுக்கு எழுதுவார்களா, கடை லைசென்சைப் பிடுங்குவார்களா என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஓடியது.

அண்ணாச்சி பையிலிருந்து இங்கிலீசில் டைப் அடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். நான் இன்ன மாசத்திலேயே வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டேன் என்று நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுக்க வேண்டும். தலைமன்னாரில் இறங்கும்போது அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். சனிக்கிழமைக் கப்பல்தான் அவருக்குக் கடைசி.

"இப்பவே அருப்புக்கோட்டைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம். வாப்பா."

எனக்கும் உடனே போட வேண்டும்தான். அந்தக் கையெழுத்து அவரைவிட எனக்குத்தான் அவசரம். வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்துகூட விட்டேன். அப்போது அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"ஆமா, ஒந் தங்கச்சி பிள்ளைக்கு அப்ப ஏதோ விசேசம்னியே. நல்லபடியா நடந்துச்சா?"

உட்கார்ந்துவிட்டேன். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் என்னை உட்கார வைத்தது.

சுவரில் தேதிக் காலண்டர் தொங்கியது. "இன்னைக்குச் செவ்வாக்கிழமை அண்ணாச்சி" என்றேன்.

"அதனால?"

"கைநீட்டி எதையும் குடுக்கிறதில்ல. கையெழுத்தும் குடுக்கிறதுதானே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு காலண்டரைப் பார்த்தார். "சரி, சரி. நல்ல பழக்கந்தான்" என்று மெதுவாகச் சொல்லி, காகிதத்தை வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை வந்தார். தேய்பிறை அஷ்டமி. காலண்டரை நானே கழற்றி அவர் முன்னால் வைத்தேன். ஏழு வருசத்தில் அந்த ஒரு கணக்கை நான் நன்றாகப் படித்திருந்தேன். அடுத்த வாரம் சிவராத்திரி என்றால் இந்த வாரம் எது எது வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வியாழக்கிழமை வந்தார். நவமி.

"ஏம்ப்பா, நான் பாலவனத்தத்துல இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வாரேன்."

"நான் கடல் தாண்டி வந்தேன் அண்ணாச்சி."

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கேட்கவில்லை, கெஞ்சவில்லை. "வெள்ளிக்கிழமை வரட்டுமான்னு கேக்க மாட்டேன். சனிக்கிழமை மொத பஸ்ஸுக்கு வாரேன். இங்கயே ரயிலப் பிடிச்சாத்தான் கப்பல எட்டலாம்" என்றார்.

அன்று மத்தியானமே கடையைப் பூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனேன். பயம் ஒரு பக்கம் இழுத்தது, பழி தீர்க்கிற கறுவல் ஒரு பக்கம் இனித்தது. நோட்டரி வக்கீலிடம் அந்தக் காகிதத்தைக் காட்டி, அதே மாதிரி இரண்டு அடித்துத் தரச் சொல்லி, இரண்டிலும் கையெழுத்துப் போட்டுச் சீல் வாங்கினேன். எதற்கு இரண்டு என்று வக்கீல் கேட்டார். ஒன்று தொலைந்துவிட்டால் என்றேன். ஒன்றை அங்கேயே தபாலாபீசில் கொழும்பு ஆபீஸ் விலாசத்துக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். அது என் பயத்துக்கு. அவருக்காக இல்லை. அந்தத் தபால் எத்தனை வாரம் கழித்துப் போய்ச் சேரும் என்பதும் எனக்குத் தெரியும்.

இன்னொன்றை வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கடைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். சந்தனத்தை நன்றாகத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். வக்கீலின் சீல் வட்டமாக ஊதா நிறத்தில் பளிச்சென்று இருந்தது. தேதியும் அதற்குள்தான். கட்டைவிரலில் எடுத்து, நடுவில் வைத்து அழுத்தினேன். மேலே குங்குமம். மை ஊறுவதை நின்று பார்த்தேன். இந்தத் தடவை வயிற்றைக் கலக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் வந்தார். வெற்றிலை மேல் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினேன். வாங்கி, கண்ணில் ஒற்றப் போனவர் நிறுத்தினார்.

"என்னப்பா இது?"

"பூசை அண்ணாச்சி. நீங்க சொல்லிக் குடுத்ததுதான். அட்டையா விசா குடுக்குதுன்னு கேட்டீகளே."

வேட்டி நுனியால் துடைத்தார். சிவப்பு இன்னும் அகலமானது. "வக்கீல எழுப்பி வேற வாங்குவோம்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஸ்டேசன் பக்கம் ரயில் ஊதியது. காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, குடையை மறந்து, அந்த வயசில் ஓடினார். குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிக் கொடுத்தேன்.

ஒரு வாரத்துக்குள், போன பையோடு அப்படியே திரும்பி வந்துவிட்டார் என்று பாலவனத்தத்துக்காரர் ஒருவர் கடையில் சொன்னார். தலைமன்னாரிலேயே நிறுத்தி, அடுத்த கப்பலில் அனுப்பிவிட்டார்களாம். கடையை வேறு யாரோ ஒப்படைத்தார்கள். அவர் படுக்கை, பெட்டி, முருகன் படம் எல்லாம் அங்கேயே போயிற்று. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே பந்தல்குடிக்குப் பஸ் ஏறினேன்.

தங்கச்சி அடுப்படியில் இருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். செவ்வாய், அஷ்டமி, நவமி, பொட்டு. சொல்லச் சொல்ல அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கொட்டகையில ரெண்டு நாளு உக்காந்தாராண்ணே?"

"அப்படித்தான் சொல்றாக."

"அழுதாரா?"

"அது தெரியல."

"அப்பப் பத்தாது" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிண்டினாள். அவள் மாமியார் முன்கட்டிலிருந்து, "யாரு வந்திருக்கா, தாய்மாமனா? என்ன விசேசம், யாருக்கும் காது குத்தலையே" என்றாள். தங்கச்சி அன்றைக்குத் தலையைக் குனியவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

ஆனால் என்னைப் பிடித்த கவலை வேறு மாதிரியானது. கொஞ்ச நாளில் வேறொருவர், அவரை நிறுத்தியது காகிதத்துக்காக இல்லை, அனுமதித் தேதியிலேயே ஏதோ கோளாறு என்றார். இன்னொருவர், அதிகாரி அந்தக் காகிதத்தைப் பார்க்கவே இல்லை, பையில் என்னமோ இருந்தது என்றார். அப்படியானால் என் பொட்டு? நான் குழைத்த சந்தனம்? ஏழு வருசம் காத்திருந்து செய்த காரியம் வீணா, பலித்ததா என்று தெரியாமல் தூக்கம் கெட்டுப் போனது.

வாரத்துக்கு ஒரு நாள் சரக்கு வாங்க அருப்புக்கோட்டைக்குப் போவேன். பஸ் ஸ்டாண்டில் பாலவனத்தம் பஸ்ஸுக்கு அவர் நிற்பார். ஒரு தடவை பக்கத்தில் போய் நின்று கேட்டேவிட்டேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு ஒங்கள எதனால திருப்பி விட்டாக? குங்குமத்தாலயா?"

அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். எனக்கு அது எவ்வளவு வேண்டும் என்று பார்த்துவிட்டார். பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைப்பா. கேட்டா எதையும் குடுக்கக் கூடாது."

அதற்குப் பிறகு கடன் சொல்லிச் சரக்கெடுக்கக்கூட நான் வெள்ளிக்கிழமை போவதில்லை. புதன், வியாழன், அஷ்டமி நவமி இல்லாத நாளாகப் பார்த்துத்தான் சரக்கு வாங்கப் போகிறேன். அந்த நாட்களில் அவர் பஸ் ஸ்டாண்டுக்கு வருவதே இல்லை.